50 ஸ்ட்ரிப், 32 வெள்ளி 90 காசு: எலிக்கூடத்துக்காரியின் விமர்சனம்

பச்சைப் பெட்டி. உள்ளே தனித்தனி உறையில் 50 எல்எச் ஸ்ட்ரிப், நான்காக மடித்த ஒரு காகிதம். எல்எச் என்பது கருமுட்டையை வெளியே விடச் சொல்லும் ஹார்மோன், சிறுநீரில் அது ஏறுவதைக் கோடு போட்டுக் காட்டுவதுதான் இந்த ஸ்ட்ரிப். அவ்வளவுதான். ஆன்லைனில் 32 மலேசிய வெள்ளி 90 காசு, அனுப்பும் செலவு இல்லை. ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுப் பக்கத்து மருந்துக்கடையில் சிரித்த முகம் காட்டும் டிஜிட்டல் கருவி ஏழு குச்சிக்கே நூறு வெள்ளியைத் தாண்டியது. கவுண்டரில் இருந்த சீன அம்மோய் "இது நல்லது கக்கா, கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டியதில்லை" என்று மலாயில் சொன்னாள். கண்ணை இடுக்கிப் பார்ப்பதற்குத்தான் எனக்கு மாதச் சம்பளமே தருகிறார்கள் என்று அவளிடம் சொல்லவில்லை.

பெட்டியின் பெயரைப் போடப் போவதில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அதனால். இந்த மாதிரி ஸ்ட்ரிப் எல்லாம் ஏறக்குறைய ஒரே வகைதான், எது வாங்கினாலும் கீழே எழுதியிருப்பது பொருந்தும்.

நான் ஒன்பது வருஷமாகப் பினாங்குத் தீவில் ஓர் ஆய்வகத்தின் விலங்குக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். கூண்டு மாற்றுவது, தீவனம் எடை போடுவது, தண்ணீர்ப் போத்தல் கழுவுவது, இவற்றோடு பெண் எலிகளுக்குத் தினமும் காலையில் ஸ்மியர், அதாவது பிறப்புறுப்பிலிருந்து செல் மாதிரி, எடுப்பது. கருமுட்டை எப்போது வெளிவரும் என்று எலிக்குச் சொல்லிவிடுவேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ளத்தான் இந்தப் பெட்டி. கல்யாணமாகி ஆறு வருஷம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறினால் பாதிப் படியிலேயே யாராவது பிடித்துக்கொள்வார்கள்: "என்னம்மா, விசேஷம் ஏதும் உண்டா?"

ஸ்ட்ரிப் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் அது பொய் சொல்கிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். முதல் ஸ்ட்ரிப்பைக் குழாய்த் தண்ணீரில் விட்டேன். ஸ்ட்ரிப் கெடவில்லை என்று காட்டும் கண்ட்ரோல் கோடு மட்டும் வந்தது, எல்எச்சைக் காட்டும் டெஸ்ட் கோடு வரவில்லை, சரி. இரண்டாவது வீட்டுக்காரருடையது. ஆண்களுக்கும் எல்எச் உண்டு, ஆனால் கோடு போடும் அளவுக்கு ஏறாது. அவர் பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடித்து வந்து பாதித் தூக்கத்தில் டப்பாவை நீட்டினார், ஏன் எதற்கு என்று கேட்கவே இல்லை. அதிலும் டெஸ்ட் கோடு இல்லை. பெட்டியில் குட்டிக் கப் எதுவும் வரவில்லை, இது ஒரு குறை. கடையில் தபாவ் வாங்கும்போது சட்னி போட்டுத் தரும் பிளாஸ்டிக் டப்பாக்களைக் கழுவிச் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

பயன்படுத்துவது சுலபம். அம்புக்குறிக் கோட்டுக்கு மேலே நனையாமல் சில நொடி வைத்து, எடுத்து, படுக்கையாக வைத்து, ஐந்து நிமிஷம் பொறுக்க வேண்டும். பத்து நிமிஷத்துக்குப் பிறகு பார்க்கவே கூடாது. காய்ந்த ஸ்ட்ரிப்பில் வரும் கோட்டை நம்பிச் சந்தோஷப்பட்ட பெண்களை எனக்குத் தெரியும். இன்னொன்று, கர்ப்பச் சோதனையில் இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தாலும் ஆமாம் என்று அர்த்தம். இதில் அப்படிக் கிடையாது. டெஸ்ட் கோடு கண்ட்ரோல் கோட்டின் நிறத்துக்கு வர வேண்டும், அல்லது அதைவிடக் கறுக்க வேண்டும். எல்எச் உடம்பில் எந்நாளும் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. ஒரு மில்லிலிட்டரில் 25 மில்லி சர்வதேச அலகு என்ற வாசலைத் தாண்டினால்தான் இந்தப் பெட்டி அதை ஏற்றம் என்று கணக்கில் வைக்கும். அது தாண்டினால் அடுத்த 24 முதல் 36 மணி நேரத்தில் கருமுட்டை வெளிவரலாம்.

'வரலாம்' என்று நான் எழுதுகிறேன். பெட்டியின் மேல் 'வரும்' என்று போட்டிருக்கிறது. என் வாக்குவாதம் முழுக்க அந்த ஒரு சொல்லோடுதான்.

எலிக்கூடத்தில் ஸ்மியர் எப்படி என்றால், காலை ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில், தினமும் அதே ஆள், அதே நேரம். கண்ணாடிச் சொட்டுக்குழாயின் முனையை நெருப்பில் காட்டி மழுக்கி வைத்திருப்போம். இரண்டு சொட்டு உப்புநீர், உள்ளே விட்டு உடனே உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு. நுண்ணோக்கியில் கசகசா தூவினதுபோல் பொடிப் பொடியாக வெள்ளையணுக்கள் தெரிந்தால் ஓய்வு நாள், டைஈஸ்ட்ரஸ். பாதி வெந்த ஜவ்வரிசி, நடுவில் ஒரு புள்ளியோடு கொத்துக் கொத்தாக இருந்தால் புரோஈஸ்ட்ரஸ், முட்டை வருவது இன்று ராத்திரிதான். நொறுங்கிய அப்பளம்போல் கருவில்லாத செதில்கள் மட்டும் கிடந்தால் நேற்று ராத்திரியே முடிந்துவிட்டது. நான்கு நாளில், சில எலிக்கு ஐந்து நாளில், ஒரு சுற்று. எலியின் சுழற்சியை இப்படிப் படிக்கலாம் என்று லாங், எவன்ஸ் இருவரும் 1922இல் விரிவாக எழுதி வைத்தார்கள். நூறு வருஷமாகியும் இதைவிட மலிவான வழி வரவில்லை. என் சொட்டுக்குழாய் 50 காசு பெறாது.

ஜவ்வரிசி தெரிந்த நாளின் மத்தியானத்தில்தான் முட்டையை வெளியே விடு என்று எலியின் மூளையிலிருந்து உத்தரவு போகிறது. அந்த மத்தியானம் எவ்வளவு குறுகலானது என்பதை எவரெட்டும் சாயரும் 1950இல் காட்டினார்கள். சுமார் இரண்டு மணிக்கு முன்னால் எலிக்கு பார்பிட்யூரேட் தூக்க மருந்து கொடுத்தால் அன்றிரவு முட்டை வராது. ஒரு நாள் முழுசாகத் தள்ளி, மறுநாள் அதே மத்தியானத்தில் உத்தரவு போய், அடுத்த ராத்திரிதான் வரும். நான்கு மணிக்குப் பிறகு கொடுத்தால் ஒன்றும் ஆகாது, உத்தரவு ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும். இதை முதன்முதலாக எனக்கு விளக்கிய மூத்த அக்கா, "ரெண்டு மணி பஸ்ஸை விட்டா நாளைக்கு ரெண்டு மணிதான்" என்றார். அதற்கு மேல் யாராலும் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆக, என் ஸ்ட்ரிப் பிடிப்பது அந்த பஸ் கிளம்பியதை மட்டுமே. போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. எலியில் நாங்கள் அதையும் பார்ப்போம். மறுநாள் காலை கருக்குழாயின் ஓரிடம் கண்ணாடிபோல உப்பியிருக்கும், அதைக் கிழித்தால் முட்டைகள் பத்துப் பதினைந்து ஒட்டிக்கொண்டு வெளியே வரும், எண்ணி நோட்டில் எழுதுவேன். அதற்கு எலி உயிரோடு இருக்காது. எனக்கு அந்த வழி இல்லை என்பதால் அடுத்த நல்ல வழி, ஸ்ட்ரிப் கறுத்து ஒரு வாரம் கழித்து ரத்தத்தில் புரோஜெஸ்டரோன், அதாவது முட்டை வெளிவந்த பிறகு ஏறும் ஹார்மோன், பார்ப்பது. இந்தக் காகிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. எல்எச் ஏறியும் சினைப்பையில் முட்டை இருக்கும் நுண்குமிழ் உடையாமலே போவதுண்டு என்பதும் இல்லை. பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு எல்எச் எப்போதுமே உயரத்தில் நிற்கலாம், அவர்களுக்கு இந்த ஸ்ட்ரிப் வாரம் முழுக்க 'ஆமாம்' சொல்லும் என்பது மட்டும் கடைசியில் எறும்பு எழுத்தில் இருக்கிறது.

காகிதம் ஆங்கிலம், மலாய், சீனம் மூன்றிலும் உண்டு. தமிழ் இல்லை. மலாயில் எட்டாவது குறிப்பு: மன அழுத்தத்தைத் தவிர்க்கவும். இதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்று வந்தது. மாமியார் ஆறு வருஷமாகச் சொல்வதை இவர்களும் அச்சடித்துத் தந்துவிட்டார்கள். "மனசைப் போட்டு அலட்டிக்காதேம்மா, தானா தங்கும்."

அழுத்தம் ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. மொன்ட்ரியாலில் ஹான்ஸ் செல்யே 1936இல் எலிகளைக் குளிரிலும் ஊசியிலும் வதைத்து அட்ரினல் சுரப்பி வீங்குவதை எழுதினார், 1939இல் பெண் எலிகளின் இனப்பெருக்க உறுப்புகளுக்கு என்ன ஆகிறது என்று தனியாகவே எழுதினார். அதற்குப் பிறகு வந்தவர்கள் வழியைத் துருவித் துருவிப் பார்த்தார்கள். மூளையின் ஹைப்போதலாமஸில் அழுத்தத்துக்கு மணியடிக்கும் சிஆர்எச் என்ற பொருளை நேரே எலியின் மூளைக்குள் விட்டாலே எல்எச் இறங்குகிறது. அட்ரினலிலிருந்து அழுத்த ஹார்மோன் கிளம்புகிறது, எலிக்குக் கார்டிகோஸ்டிரோன், நமக்கும் செம்மறி ஆட்டுக்கும் கார்டிசால். ஆட்டில் கார்டிசாலை ஏற்றிப் பார்த்ததில், எல்எச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பி மேலிருந்து வரும் உத்தரவுக்குச் சரியாகக் காதுகொடுக்கவில்லை. 2000இல் ஜப்பானில் காடையின் மூளையில் இனப்பெருக்க ஹார்மோனை அடக்கும் ஒரு பொருளைக் கண்டுபிடித்தார்கள். எலிக்கும் அதன் உறவுக்காரப் பொருள் ஒன்று உண்டு, கட்டிவைத்து அழுத்தம் கொடுத்த எலிகளில் அது கூடுவதை 2009இல் காட்டினார்கள். இத்தனையும் மேலே அமர்ந்து எல்எச் துடிப்பை மெதுவாக்க, நுண்குமிழ் வளர்வது தாமதமாக, ஈஸ்ட்ரோஜன் போதிய உயரத்துக்கு வராமல், உத்தரவே கிளம்பாமல் போகிறது.

ஆனால் காகிதக்காரர்கள் நினைப்பதுபோல் இது ஒற்றை ஸ்விட்ச் கிடையாது. ஈஸ்ட்ரோஜன் நிறைந்திருக்கும் எலிக்குத் திடீர் அழுத்தம் கொடுத்தால் அட்ரினலிலிருந்து புரோஜெஸ்டரோன் வந்து எல்எச்சை ஏற்றிவிடுவதும் உண்டு. தடுக்க வேண்டியது தூண்டிவிடுகிறது. எந்த நாளில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்தது. 'தவிர்க்கவும்' என்ற ஒரு வார்த்தைக்குள் இதையெல்லாம் எங்கே அடைப்பது?

எங்கள் கூடத்தில் நானே பார்த்தது ஒன்று. கட்டடத்துக்குப் பின்னால் குழாய் மாற்ற மூன்று வாரம் துளைக்கும் மெஷின் ஓடியது. சுவருக்கு அந்தப் பக்கம்தான், நமக்கு அது வெறும் இரைச்சல். எலிக்கு நம் காது எட்டாத உயரமான ஒலியும் கேட்கும். இரண்டாவது வாரம் பன்னிரண்டு எலியில் ஐந்துக்குத் தகட்டில் கசகசாவைத் தவிர வேறொன்றும் இல்லை, ஆறு நாள், ஏழு நாள். ஆராய்ச்சி மாணவர் தான் கொடுத்த மூலிகைச் சாறுதான் சுழற்சியை நிறுத்திவிட்டது என்று துள்ளினார். "தம்பி, சாறு குடிக்காத கூண்டிலும் ரெண்டு நிக்குது" என்று நோட்டைக் காட்டினேன். முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. மெஷின் போனபிறகு ஒவ்வொன்றாக ஜவ்வரிசி திரும்பியது. ஐந்து எலியை வைத்து நான் எதையும் நிரூபிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து துளைக்கும் வேலை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள் என்று நிர்வாகத்துக்குத் தாள் போகிறது. வேலை நாளில் நான் தலையில் மல்லிகை வைப்பதில்லை, செண்ட் போடுவதில்லை. புதுவாசனை, புதுக்கை, எல்லாமே எலிக்குச் செய்திதான். ஆண் ஆராய்ச்சியாளர் போட்டுக் கழற்றிய சட்டையின் வாசனைக்கே சுண்டெலிகள் அழுத்தம் காட்டின என்று 2014இல் ஒரு கட்டுரை வந்தபோது எங்கள் கூடத்தில் பெண்கள் எல்லோரும் ஒரு வாரம் சிரித்தோம்.

இப்போது என் கதை. முதல் மாதம் எட்டு ஸ்ட்ரிப். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சாயங்காலம் ஐந்தரைக்கு, முன்னால் இரண்டு மணி நேரம் தண்ணீர் குறைத்து. காலையில் முதல் சிறுநீர் வேண்டாம் என்று காகிதம் சொல்வது சரியே. ஏற்றம் பெரும்பாலும் விடியற்காலையில் ரத்தத்தில் தொடங்கிச் சிறுநீருக்கு வரச் சில மணி நேரம் எடுக்கும். பதினாலாம் நாள் கறுத்தது. அன்றைக்கே ஒரே டப்பாவில் மூன்று ஸ்ட்ரிப் விட்டுப் பார்த்தேன். இரண்டு ஒரே நிறம், ஒன்று கொஞ்சம் வெளுப்பு. மலிவுக்கு இது பரவாயில்லை. மாதவிலக்கு 28ஆம் நாள்.

இரண்டாம் மாதம் அப்பாவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். பதினோரு ராத்திரி மருத்துவமனை நாற்காலியில். காலையில் நேரே எலிக்கூடம், மத்தியானம் சாப்பிட்டால் உண்டு, சாயங்காலம் ஒரு ரொட்டிச் சானாய், திரும்ப நாற்காலி. பதினாலாம் நாள் கோடு வளர்ந்தது, பதினைந்தில் கண்ட்ரோலைத் தொடும்போல் இருந்தது, பதினாறில் மங்கிவிட்டது. உடம்பு ஒரு முயற்சி பண்ணிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டதுபோல. நான் ஸ்ட்ரிப்பை நிறுத்தவில்லை, தினமும் ஒன்று என்று கைப்பையிலிருந்து எடுத்து ஆஸ்பத்திரிக் கழிவறையில் ஐந்து நிமிஷம் போன் வெளிச்சத்தில் நிற்பேன். 22ஆம் நாள்தான் கறுத்தது. 36ஆம் நாள் மாதவிலக்கு. அந்த மாதம் மட்டும் 16 ஸ்ட்ரிப். நாள் தள்ளிப்போனதும் வீட்டில் மாமியாரின் கண்ணில் தெரிந்த வெளிச்சத்தை அணைக்க நான் பட்ட பாடு தனிக்கதை. தாமதம் எங்கே நடந்தது என்று ஸ்ட்ரிப் காட்டிவிட்டது: முட்டைக்குப் பின்னால் வரும் பதினாலு நாள் மாறவில்லை, முன்னால் இருந்த காத்திருப்புதான் நீண்டது. இந்த ஒரு தகவலுக்காகவே 32 வெள்ளி 90 காசு செரித்துவிட்டது எனக்கு. தேதியை மட்டும் எண்ணும் போன் ஆப் அந்த மாதமும் பதினாலாம் நாள் பூப் படம் காட்டியது.

எது நிறுத்தியது, அப்பாவா, தூக்கமா, பட்டினியா என்று யாராவது கேட்டால், தாவரவியல் பூங்காவில் வாழைப்பழம் பிடுங்கித் தின்கிற நம்மூர் கெரா குரங்கு இருக்கிறதே, அதே இனத்தை வைத்து அமெரிக்காவில் செய்த சோதனை ஒன்று உண்டு. தீனியைக் கொஞ்சம் குறைத்து உடற்பயிற்சி தந்தார்கள், பெரும்பாலான குரங்குகள் அசரவில்லை. தெரியாத குரங்குகள் இருக்கும் வேறு அறைக்கு மாற்றினார்கள், அதற்கும் அப்படித்தான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது பெரும்பாலானவற்றுக்குச் சுழற்சி குலைந்தது. தனித்தனியாகத் தாங்கக்கூடிய சின்னச் சின்ன விஷயங்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டிச் சானாயைப் பிய்க்கும்போது அந்தக் குரங்குகளை நினைத்துக்கொள்வேன். 'அலட்டிக்காதே' என்று அவற்றிடம் யாரும் சொல்லவில்லை. சோறு கொடுத்துத்தான் பார்த்திருப்பார்கள். ஒரு மாதம் தள்ளிப்போவதும், வருஷக்கணக்கில் தங்காமல் இருப்பதும் ஒன்றல்ல என்பதையும் மாமியார்மாருக்கு யாராவது அச்சடித்துக் கொடுத்தால் தேவலை.

மூன்றாம் மாதம் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். எட்டு ஸ்ட்ரிப், பதினைந்தாம் நாள். சொல்ல ஒன்றும் இல்லை.

குறைகள். மூன்று ஸ்ட்ரிப்பில் கண்ட்ரோல் கோடே வரவில்லை. மூன்றின் உறையிலும் ஓரம் சரியாக ஒட்டவில்லை, ஈரம் நுழைந்திருக்க வேண்டும். நம் ஊர் ஈரத்துக்கு இது பெரிய விஷயம். விற்றவருக்குப் படத்தோடு அனுப்பினேன், "மன்னிக்கவும் அன்பரே" என்று ஒரு பதில், அப்புறம் சத்தமே இல்லை. உறையில் 30 டிகிரிக்குக் கீழ் வைக்கவும் என்று இருக்கிறது. பொட்டலம் வந்த அன்று டெலிவரிக்காரர் கேட்டின்மேல் மத்தியான வெயிலில் மாட்டிவிட்டுப் போயிருந்தார், அது எத்தனை டிகிரி என்று யாருக்குத் தெரியும். காரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். வாங்கும்போது காலாவதித் தேதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், எனக்கு ஏழு மாதம் மிச்சம் இருந்ததுதான் வந்தது.

ஒரு சின்ன விஷயம், என்னைப்போல் ஆட்களுக்குத்தான் பிடிக்கும். இந்த ஸ்ட்ரிப்பின் தாத்தா முறையான சோதனைக்காக, எதிர்ப்பொருளை வைத்து ஹார்மோனைத் துல்லியமாக அளக்கலாம் என்று காட்டியதற்காக, ரோசலின் யாலோவுக்கு 1977இல் நோபல் கொடுத்தார்கள். அதே மேடையில் அதே பரிசின் மறுபாதியை வாங்கியவர்கள் கிய்மென், ஷாலி என்ற இருவர். லட்சக்கணக்கான செம்மறி, பன்றி மூளைத்துண்டுகளை அரைத்து, எல்எச்சுக்கு உத்தரவு கொடுக்கும் மூளை ஹார்மோனின் அமைப்பைக் கண்டுபிடித்தவர்கள். அனுப்பும் உத்தரவும் அதைப் படிக்கும் கோடும் ஒரே வருஷத்து மேடையில். இப்போது அது என் குளியலறையில் சட்னி டப்பாவில் நிற்கிறது.

யார் வாங்கலாம்: சுழற்சி ஓரளவு ஒழுங்காக வருபவர்கள், கோட்டின் நிறத்தைப் பொறுமையாக ஒப்பிடத் தெரிந்தவர்கள், தினமும் படம் எடுத்துத் தேதி போட்டு வைக்கக்கூடியவர்கள். பிசிஓஎஸ் இருந்தால் காசு வீண், நேரே டாக்டரிடம் போங்கள். 35 தாண்டியவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் ஸ்ட்ரிப்போடு மல்லுக்கட்ட வேண்டாம், நானும் அடுத்த மாதம் போகிறேன், வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு. எலியானாலும் ஆணையும் சேர்த்துத்தான் சோதிப்போம்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறேன். காகிதத்தில் எட்டாவது குறிப்பை எடுத்துவிட்டு அங்கே புரோஜெஸ்டரோன் பற்றி ஒரு வரி போட்டால் நான்காக்குகிறேன் என்று விற்றவருக்கு எழுதியிருக்கிறேன். "நன்றி அன்பரே" என்று வந்தது.

விசேஷம் ஏதும் உண்டா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. பெட்டியில் இன்னும் 11 ஸ்ட்ரிப் இருக்கிறது.